18 மைல், மூன்று மணி நேரம்: கஸ்டர் பூங்காவில் காரிலிருந்தே பைசன் பார்க்கும் முறை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பிளாக் ஹில்ஸ் மலைகளுக்குப் போகிறவர்கள் முதலில் மவுண்ட் ரஷ்மோரில் நான்கு ஜனாதிபதிகளின் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு கையில் ஒரு மணி நேரம் மிஞ்சினால், கஸ்டர் ஸ்டேட் பார்க்கின் வைல்ட்லைஃப் லூப் ரோட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்று கிளம்புவார்கள். மொத்தம் 18 மைல்தானே, ஏறக்குறைய 29 கிலோமீட்டர். நிறுத்தாமல் போனால் முக்கால் மணியில் முடிந்துவிடும். சாலையோரம் நிற்கும் நாலு கழுதையும், தூரத்தில் ஏதோ கறுப்பாக ஒன்றும் கண்ணில் பட்டதோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இந்தச் சாலையில் வண்டி ஓடும்போது விலங்குகள் அதிகம் தெரியாது. நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால்தான் தெரியும். அதனால் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் ஒரு மாலையும் மறுநாள் காலையும் என்று இரண்டு சுற்று வையுங்கள்.

இடம் எப்படிப்பட்டது

பூங்காவின் பரப்பு 71,000 ஏக்கர். வடக்கில் கருங்கல் பாறைகளும் பைன் மரங்களும். தெற்கே போகப் போக மரம் விலகி, அலையலையாக மேடும் பள்ளமுமான புல்வெளி விரியும். லூப் ரோடு இந்தத் தெற்குப் பகுதியைத்தான் சுற்றி வருகிறது. முழுக்கத் தார்ச்சாலை, சாதாரண காரே போதும்.

இங்கே 1,300க்கு மேல் பைசன்கள் உண்டு. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த பைசன், 1880களின் முடிவில் வட அமெரிக்கா முழுவதிலும் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அந்த அழிவுக்குப் பின், 1914ல் ஸ்காட்டி ஃபிலிப் என்பவரின் மந்தையிலிருந்து வாங்கிய 36 பைசன்களிலிருந்து வளர்ந்ததுதான் இப்போதைய கூட்டம். வேலி பூங்காவின் எல்லையில் மட்டும்தான். உங்களுக்கும் அதற்கும் நடுவே எதுவும் கிடையாது.

பெயரில் ஒரு குழப்பம் வரும். முதுமலையிலும் கொடைக்கானல் தெருவிலும் நடமாடும் காட்டு மாட்டையும் நம் ஊர்க்காரர்கள் 'பைசன்' என்றே சொல்வார்கள். அது வேறு இனம். அமெரிக்கப் பைசனுக்குத் தோளில் பெரிய திமில், தலையிலும் முன்னுடம்பிலும் அடர்ந்த மயிர், இடுப்பு சின்னது. முன்பாதி ஒரு விலங்கு, பின்பாதி வேறொரு விலங்கு என்று ஒட்டவைத்தது போலிருக்கும். அமெரிக்கர்கள் இதை 'பஃபலோ' என்றும் சொல்வார்கள். பலகைகளில் இரண்டு பெயரும் கலந்தே வரும்.

முதுமலையில் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தினாலே அபராதம். இங்கே உங்கள் காரில், உங்கள் வேகத்தில், விரும்பிய இடத்தில் ஓரங்கட்டி நிற்கலாம். இந்தச் சுதந்திரம்தான் இங்கே நடக்கும் விபத்துகளுக்கும் வழி. அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை கன்று பிறக்கும் காலம். கன்றுகள் செம்பழுப்பு நிறம். பச்சைப் புல்லில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மே, ஜூன் மாதங்களே சரி. தாய்கள் எரிச்சலோடு இருப்பதும் இதே மாதங்களில்தான்.

ஜூலை கடைசியும் ஆகஸ்டும் இணைசேரும் காலம். தனியே திரிந்த கிழட்டுக் காளைகளெல்லாம் மந்தைக்கு வந்து சேரும். உறுமல் காற்றில் வெகு தூரம் கேட்கும். புழுதியில் புரள்வது, முட்டி மோதுவது எல்லாம் சாலையோரத்திலேயே நடக்கும். பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆபத்தும் இப்போதுதான் அதிகம். இதில் ஒரு சிக்கல், ஆகஸ்ட் தொடக்கத்தில் பக்கத்து ஸ்டர்ஜிஸ் ஊரில் நடக்கும் மோட்டார் சைக்கிள் திருவிழா. அந்த வாரம் பிளாக் ஹில்ஸ் முழுக்க பைக் சத்தம், அறை கிடைக்காது. தேதி பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை எல்க் மான்களின் பருவம். ஆண் எல்க் கூவுவது, அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வருகிறதா என்று சந்தேகப்படும்படி, மெல்லிய புல்லாங்குழல் மாதிரி ஏறி இறங்கும். கூட்டமும் குறைவு. எங்களைக் கேட்டால் இந்த மூன்று வாரம்தான் முதல் தேர்வு.

குளிர்காலத்திலும் சாலை திறந்தே இருக்கும். முகத்தாலேயே பனியைத் தள்ளிப் புல் தேடும் பைசனைப் பார்க்கலாம். ஆனால் பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாம்.

படி 2: அனுமதி, எரிபொருள், கடிகாரம்

இது மாநிலப் பூங்கா. மத்திய அரசின் தேசியப் பூங்காக்களுக்கான வருட பாஸ் இங்கே செல்லாது. கையில் பாஸ் இருக்கிறதே என்று நம்பி வந்து வாசலில் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். வண்டிக்குக் கட்டணம், ஒருமுறை வாங்கினால் ஏழு நாள் வரை செல்லும். பூங்காவின் குறுக்கே ஓடும் 16ஏ நெடுஞ்சாலையில் எங்கும் நிற்காமல் கடந்து போவதற்கு மட்டும் கட்டணம் இல்லை. லூப் ரோட்டுக்கு உண்டு.

பெட்ரோலை கஸ்டர் நகரிலோ ஹெர்மோஸாவிலோ ராப்பிட் சிட்டியிலோ நிரப்பிவிடுங்கள். மந்தை சாலையை மறித்தால் ஒரு மணி நேரம்கூட நிற்க நேரும். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். பூங்காவுக்குள் செல்போன் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் வராது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ, மினியாபொலிஸ் பக்கமிருந்து ஓட்டி வருகிறவர்கள் வழியில் நேர மண்டலம் மாறுவதைக் கவனியுங்கள். பிளாக் ஹில்ஸ் மவுண்டன் நேரத்தில் இருக்கிறது. உங்கள் கைக்கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். டென்வரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேர ஓட்டம்.

படி 3: நேரமும் திசையும்

ஜூன் கடைசியில் இங்கே சூரியன் காலை 5.10 வாக்கில் உதித்து இரவு 8.40 வாக்கில் மறைகிறது. விடிந்து முதல் இரண்டு மணி நேரம், மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம், இவைதான் பார்க்கும் நேரம். நடுப்பகலில் பைசன் மேட்டில் படுத்து அசைபோடும், மான்கள் மர நிழலுக்குள் போய்விடும். "பதினொரு மணிக்குப் போனோம், ஒன்றுமே இல்லை" என்று வரும் புலம்பல்களுக்கு இதுதான் காரணம்.

லூப் ரோட்டுக்கு இரண்டு முனை. கிழக்கு முனை, ஸ்டேட் கேம் லாட்ஜ் பக்கத்தில் 16ஏ சாலையில், விசிட்டர் சென்டரை ஒட்டி. மேற்கு முனை, 87ஆம் எண் சாலையில் புளூ பெல் லாட்ஜ் பக்கத்தில். எங்கே தொடங்குவது என்பதை வெளிச்சம் தீர்மானிக்கட்டும். காலையில் கிழக்கு முனையில் தொடங்கினால் முதலில் சூரியன் இடப்பக்கம் இருக்கும், பிற்பாதியில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். மாலையில் புளூ பெல் பக்கமிருந்து கிழக்கு நோக்கிப் போங்கள். வெயில் பின்னாலிருந்து விழுந்து புல் முழுக்கப் பொன்னிறமாகும். திசையை மாற்றிப் போனால் கண்ணில் வெயில் அடித்து, எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

விசிட்டர் சென்டர் திறந்திருக்கும் நேரமானால் உள்ளே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று மந்தை எங்கே?" வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

படி 4: காரில் இருக்க வேண்டியவை

8x42 பைனாகுலர், ஆளுக்கொன்று என்றால் நல்லது. ஒன்றே ஒன்றை நாலு பேர் பிடுங்கிக்கொள்ளும்போது மான் போய்விடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். துணிப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டு வாயைத் தைத்தது ஒன்று: ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் கேமராவைச் சாய்த்தால் கடையில் விற்கும் எந்த ஸ்டாண்டும் தேவைப்படாது. சட்டென்று குளிரும் மாலைக்கு ஒரு ஸ்வெட்டர். ஜூன், ஜூலை பிற்பகல்களில் இடிமழையும் ஆலங்கட்டியும் வரும்; மேற்கே வானம் கறுத்தால் மேட்டில் நிற்காமல் காருக்குள் இருங்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே நல்லது, முக்கியமாக சைவக்காரர்கள். இங்கே மெனுவில் பைசன் கறிதான் முதலில் நிற்கும். ஆனால் புளியோதரைப் பொட்டலத்தை எங்கே பிரிக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். கழுதைகள் நிற்கும் இடத்தில் பிரிக்காதீர்கள்.

படி 5: ஓட்டுவதும் பார்ப்பதும்

பின்னால் வண்டி இல்லாதபோது மணிக்கு 15, 20 மைலுக்கு மேல் போகாதீர்கள். யாராவது வந்தால் வலப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஒன்றிரண்டு மைலுக்கு ஒருமுறை, முன்னும் பின்னும் சாலை தெளிவாகத் தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வளைவிலும் மேட்டின் உச்சிக்கு அப்பாலும் நிறுத்தக் கூடாது. எஞ்சினை அணையுங்கள், ஜன்னலை இறக்குங்கள். முதல் ஒரு நிமிடம் வெறும் காதால் கேளுங்கள்.

பிறகு கண். எதிரே உள்ள சரிவை மனதுக்குள் மூன்று பட்டையாகப் பிரியுங்கள்: கிட்டத்துப் புல், நடுச்சரிவு, மரம் தொடங்கும் விளிம்பு. ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக மெல்லத் துழாவுங்கள். முழு விலங்கைத் தேடினால் கிடைக்காது. மரங்கள் செங்குத்தாக நிற்கும். அவற்றுக்கிடையே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது மானின் முதுகாக இருக்கலாம். வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் மான் போன்ற ப்ராங்ஹார்னின் பின்புறம். கறுப்புப் புள்ளி புதரா பைசனா என்று தெரியாவிட்டால், பக்கத்திலுள்ள ஒரு பாறையை அடையாளமாக வைத்து இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். புதர் நகராது.

இன்னும் சில அடையாளங்கள். சாலையில் கிடக்கும் சாணம் ஈரமாகப் பளபளத்தால் மந்தை சமீபத்தில்தான் கடந்திருக்கிறது. காற்றில்லாத நேரத்தில் மேட்டுக்கு அப்பால் புழுதி எழுந்தால் காளை புரள்கிறது. சின்னப் பழுப்புப் பறவைக் கூட்டம் தரையோடு தாழப் பறந்தால், பைசன் காலடியில் கிளம்பும் பூச்சிகளைத் தின்னும் கௌபேர்டுகளாக இருக்கலாம்.

படி 6: எங்கே எது

கிழக்கு முனையிலிருந்து தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கேம் லாட்ஜ் பக்கமே பெருங்கொம்பு ஆடுகள் நிற்க வாய்ப்புண்டு. லூப்புக்குள் திரும்பும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். முதல் சில மைல்களில் பைன் மரமும் புல்லும் கலந்த பள்ளத்தாக்குகள். வெள்ளைவால் மான், காதுகள் பெரிதாக உள்ள மியூல் மான், காட்டு வான்கோழி. எல்க்கும் இந்த மர விளிம்பில்தான், பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும்.

மரம் விலகியதும் ப்ராங்ஹார்ன். கோடியக்கரையில் வெளிமான் பார்த்தவர்களுக்கு இதன் குணம் சட்டென்று புரியும்: ஒளிவதில்லை, வெட்டவெளியில் நின்று தூரத்திலேயே உங்களைப் பார்த்துவிடும், வேகத்தை நம்பி வாழும். மணிக்கு 55 மைல் வரை ஓடக்கூடியது. ஆனால் வேலியைத் தாண்டத் தயங்கும். குனிந்து கம்பிக்கு அடியில் நுழையும். பின்புற வெள்ளை மயிர் விசிறிபோல் விரிந்தால் மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது நகராமல் இருங்கள்.

ப்ரேரி நாய் ஊர்களைத் தேட வேண்டியதில்லை. மண்மேடுகளும் கீச்சுக் குரலும் காட்டிக்கொடுக்கும். நாய் என்று பெயர், அணில் வகை. ஒன்று எழுந்து நின்று தலையைப் பின்னுக்கு எறிந்து கத்தும், உடனே அடுத்தது, அதற்கடுத்தது என்று அலைபோலப் பரவும். காரிலிருந்து பத்து நிமிடம் பார்த்தாலே போதும். வளைகளுக்குப் பக்கத்தில் நடக்காதீர்கள்: விரியன் வகையான ரேட்டில் பாம்பு அங்கே தங்கும், ப்ரேரி நாயின் தெள்ளுப்பூச்சி பிளேக் நோயைச் சுமக்கக்கூடியது. பழைய வளைவாயில் முட்டைக்கண்ணோடு ஒரு சின்ன ஆந்தை நின்றால் அதிர்ஷ்டம். வளையில் வாழும் ஆந்தை அது.

பிறகு கழுதைகள். இவை காட்டு விலங்கே அல்ல. சில்வன் ஏரியிலிருந்து மலையுச்சிக்குச் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த கழுதைகளை, அந்தத் தொழில் நின்றதும் அவிழ்த்துவிட்டார்கள், அவற்றின் வாரிசுகள். ஜன்னல் திறந்திருந்தால் தலையை உள்ளே விட்டுவிடும், மடியில் எச்சில் வடிக்கும், கையில் இருப்பதைப் பிடுங்கும். உணவு கொடுக்கலாமா, என்ன கொடுக்கலாம் என்பதை விசிட்டர் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வேறெந்த விலங்குக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. குழந்தையைக் கழுதையின் பின்பக்கம் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், உதைத்துவிடும்.

தென்கிழக்கில் வைல்ட்லைஃப் ஸ்டேஷன் என்ற சிறு தகவல் நிலையம் கோடையில் திறந்திருக்கும். அங்கிருந்து மேற்கே போனால் பைசன் பட்டிகள், அப்புறம் மீண்டும் பைன் காடு, 87ஆம் எண் சாலை.

இவ்வளவும் போய் மந்தை கண்ணில் படவில்லையா? பெரும்பாலும் அது கிளைச்சாலைகளில் இருக்கும். லேம் ஜானி, ஃபிஷர் டிரா, ஓக் டிரா என்று ஜல்லிச் சாலைகள் லூப்பிலிருந்து பிரிகின்றன; பொதுமக்கள் போகலாம். உலர்ந்த நாளில் சாதாரண கார் தாங்கும். மழை பெய்தால் மண் வழுக்கும், சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், அன்று வேண்டாம். வாடகைக் கார் என்றால், தார் இல்லாத சாலைக்கு ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

படி 7: பைசன் முன்னால்

பெரிய காளை 900 கிலோ, தோள் உயரம் ஆறடி. மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உசைன் போல்ட்டின் உச்ச வேகமே 44 கிலோமீட்டர்தான். புல்லில் அசையாமல் நிற்பதைப் பார்த்து நம்மூர் எருமை மாதிரி சாது என்று நினைத்துவிடுவதில்தான் எல்லா விபத்தும் தொடங்குகிறது.

காரை விட்டு இறங்கினால் 100 கஜம் இடைவெளி, ஏறக்குறைய 90 மீட்டர், ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம். மனக்கணக்குப் பிடிபடாவிட்டால் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை உயர்த்துங்கள். விரல் விலங்கை முழுதாக மறைக்க வேண்டும். மறைக்கவில்லை என்றால் நீங்கள் பின்வாங்க வேண்டும். சாலையை ஒட்டியே பைசன் நின்றால் இறங்கவே இறங்காதீர்கள்.

வாலைப் பாருங்கள். தொங்கி ஆடினால் ஈ விரட்டுகிறது, நிம்மதியாக இருக்கிறது. வால் கேள்விக்குறிபோல் மேலே எழுந்தால் ஒன்று சாணம் போடப் போகிறது, இல்லை பாயப் போகிறது. எது என்று காத்திருந்து பார்க்காதீர்கள். தலையை மேலும் கீழும் ஆட்டுவது, காலால் மண்ணைக் கீறுவது, மூக்கால் சீறுவது எல்லாம் எச்சரிக்கைதான். உங்களால் அது நடையை மாற்றினாலோ மேய்வதை நிறுத்தினாலோ, ஏற்கனவே ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள்.

மந்தை சாலையை மறித்தால் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். ஜன்னலை முக்கால்வாசி ஏற்றுங்கள், ஹாரனைத் தொடாதீர்கள், பம்பரால் இடம் கேட்காதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வண்டியை நுழைக்கவே கூடாது. காரில் உடம்பைத் தேய்த்தால் பக்கக் கண்ணாடி மடங்கும், கீறல் விழும். சும்மா இருந்தால் அதோடு போய்விடும். நாய் கூட வந்திருந்தால் அது குரைக்காதபடி உள்ளேயே பிடித்துக்கொள்ளுங்கள். பைக்கில் வருகிறவர்களுக்கு மறைவு இல்லை: வெகு தூரத்திலேயே நிறுத்தி, ஒரு காரைப் பின்தொடர்ந்து அதன் மறைவில் மெல்லக் கடக்க வேண்டும்.

படம் எடுக்க

300 அல்லது 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் 100 கஜத்திலிருந்தே முழு உடம்பும் தெளிவாகக் கிடைக்கும். பைசன் கறுப்பு உடம்பு. கேமரா தானாக எடுத்தால் கண் தெரியாது. கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டாப் ஏற்றிக் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மேயும் பைசனுக்கு 1/250 நொடி ஷட்டர் வேகம் போதும், ஓடும் ப்ராங்ஹார்னுக்கு 1/1000க்குக் குறையக் கூடாது. படம் எல்லாமே லேசாக மசங்கினால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்: எஞ்சின் ஓடும் அதிர்வோ, பானெட்டுக்கு மேல் எழும் வெப்பமோ காரணம். போன்காரர்கள் பைனாகுலரின் ஒரு கண்ணோடு போன் கேமராவை ஒட்டி எடுத்துப் பாருங்கள். பத்தில் ஒன்று தேறும்.

செப்டம்பர் கடைசி வெள்ளி

அன்று குதிரை வீரர்கள் மொத்த மந்தையையும் ஓட்டிவந்து பட்டியில் அடைப்பார்கள். கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டு முத்திரை வைத்து, புல் தாங்கும் அளவுக்கு மேல் உள்ளவற்றை ஏலத்தில் விற்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டிலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். உள்ளே போனபின் மந்தை பட்டிக்குள் அடைபடும் வரை, நண்பகல் வாக்கில்தான், வெளியே விடுவார்கள். நிலம் அதிரும் அந்தச் சில நிமிடங்களுக்காக வருவதென்றால் வாருங்கள். அமைதியாக விலங்கு பார்க்க வருகிறவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடலாம்.

இன்னும் அரை நாள் இருந்தால்

87ஆம் எண் சாலையில் தெற்கே போனால் விண்ட் கேவ் தேசியப் பூங்கா ஒட்டியே தொடங்குகிறது. மேற்பரப்பில் ஓட்டிப் பார்க்கக் கட்டணம் இல்லை; குகைக்குள் போக மட்டும் டிக்கெட். அங்கும் பைசன் உண்டு, கார் குறைவு. மலை ஆடு பார்க்க ஆசை என்றால் லூப்பில் தேடாதீர்கள். அவை வடக்கே நீடில்ஸ் பாறைகளில். 1924ல் கனடா அன்பளிப்பாக அனுப்பிய ஆறு ஆடுகள் கொட்டிலிலிருந்து தப்பிப் பெருகிய வம்சம். அந்தப் பாறைகளுக்கிடையே போகும் சாலையில் ஒரு சுரங்கவழி எட்டடி அகலம்தான். பெரிய வேனில் வருகிறவர்கள் கண்ணாடியை மடக்கினாலும் நுழையாது.

மாலைச் சுற்று என்றால் வெளிச்சம் போவதற்குள் லூப்பை விட்டு வெளியேறும்படி கணக்கு வையுங்கள். இருட்டில் பைசனின் கறுப்பு மயிர் ஹெட்லைட் வெளிச்சத்தை விழுங்கிவிடும்; சாலை நடுவே நிற்பது பத்து மீட்டருக்கு வந்த பிறகுதான் தெரியும். தாமதமாகிவிட்டால் மணிக்கு 20 மைலைத் தாண்டாதீர்கள். ஒன்று கடந்து போனபின் உடனே கிளம்பிவிடாமல் நில்லுங்கள், பின்னால் இன்னொன்று வரும்.